ஆறு முகமும் செத்த என்ஜின்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பட்டறை முதலாளி கவாடோ சாவியைத் திருப்பினார். வண்டி பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றிய சத்தத்திலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது. நல்ல என்ஜின் முட்டி முட்டித்தான் சுற்றும். இதுவோ தடையே இல்லாமல், காலி டப்பாவைச் சுழற்றினாற்போல் விர்ரென்று சுற்றியது.

முந்தின நாள் மாலைதான் அந்த ரோட்டரி என்ஜினைப் பிரித்து, புதுசாகக் கட்டி, ஆற்றங்கரை வரை ஓட்டிப் பார்த்து, பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். பட்டறை மாடியில் தூங்கியவன் வேலையாள் தெரானிஷி ஒருவன்தான்.

ஹிசாயோவுக்குப் போன் செய்தவனும் அவன்தான்.

"போலீஸ் வரப்போகுதாம். சொல்லிட்டுப் போகலாம்னு கூப்பிட்டேன்" என்றான்.

ஹிசாயோ ஹிரோஷிமா தெருக்களில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்தவள். தண்டனை முடியுமுன் நன்னடத்தையில் வெளியே விடப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் சம்பளமில்லாத பொறுப்பு இப்போது அவளுக்கு. தெரானிஷிக்கு இன்னும் எட்டு மாசத் தண்டனை பாக்கி. ஒரு புகார் போதும், திரும்ப உள்ளே போய்விடுவான்.

அவள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தபோது சந்தில் சாக்கடைச் சேறு நாறியது. மாதத்தின் முதல் ஞாயிறு தெருக்காரர்கள் கூடிச் சாக்கடை அள்ளும் நாள். சேற்று மூட்டைகள் சந்து முனையில் குவிந்திருந்தன. கான்கிரீட் மூடிகளைக் கொக்கி போட்டுத் தூக்கியதில் ஓரத்துப் பாசியெல்லாம் பிய்ந்து, சந்து நெடுகப் பச்சைத் துணுக்கு சிதறிக் கிடந்தது. பட்டறை வாசலில், இரண்டு சக்கரம் மூடிகளின் மேல் இருக்க, அந்தத் தாழ்வான வெள்ளைக் கார் நின்றது.

தெரானிஷி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு துணிப்பை. பல் துலக்கும் பிரஷ் பையின் வாயில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது, மூட்டை கட்டிட்டியா?"

"கடைசி நேரத்துல தேட வேண்டாமேன்னுதான்."

ஊறுகாய்க் கடை ஒகிமோட்டோ இடுப்பில் கை வைத்து நின்றார். தெருச் சங்கத் தலைவர். ரப்பர் பூட்ஸை இன்னும் கழற்றவில்லை.

"நான்தான் போலீசுக்குப் போன் பண்ணேன், ஹிசாயோ-சான். பாலத்துக்கிட்ட ஏதோ விபத்தாம், பதினோரு மணிக்குள்ள வந்துடுவாங்க. ஆரம்பத்துலயே சொன்னேன், இந்த மாதிரி ஆளைத் தெருவுல விடாதீங்கன்னு. கேட்டீங்களா?"

"இன்னும் ஒண்ணும் நிரூபணமாகல, தலைவரே."

"முன்னே வேலை பார்த்த இடத்துல என்ன பண்ணான்? கார் மூச்சு விடுற குழாய்ல மணலைக் கொட்டினான். இப்பவும் அதே வேலைதான்."

ஹிசாயோ கவாடோவிடம் போனாள். அவர் என்ஜினின் மேல் சாய்ந்து, கையில் அளவுமானியோடு நின்றார்.

"முதலாளி, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"கம்ப்ரஷன் போச்சு." அவர் அளவுமானியை அவளிடம் காட்டினார். "இதுல பிஸ்டன் கிடையாது. மூணு மூலை ரோட்டர் ரெண்டு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மூணு முகம், மொத்தம் ஆறு. மூலைக்கு மூலை சுவரை உரசிக்கிட்டுப் போற சீல்தான் காத்தைப் பிடிச்சு வைக்குது. நேத்து ஆறு முகமும் எட்டுக்கு மேல காட்டுச்சு. இப்போ ஆறும் மூணு."

"சீல் உடைஞ்சிருக்குமோ?"

"ஒரு சீல் உடைஞ்சா அதுக்கு ரெண்டு பக்கத்து முகமும்தான் விழும், மூணாவது நிக்கும். இது ஆறும் ஒரே மாதிரி விழுந்திருக்கு. உள்ளே எல்லாத்தையும் ஒண்ணா ஏதோ தின்னிருக்கு."

"மணலா?"

"மணல், இல்லன்னா பெட்ரோல். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி உடனே நிறுத்தினா, எரியாத பெட்ரோல் உள்ள இருக்கிற எண்ணெயைக் கழுவிடும். எண்ணெய் இல்லன்னா சீல் காத்தைப் பிடிக்காது. ஆனா நேத்து நல்லா சூடாக்கித்தான் நிறுத்தினேன். அதுக்கப்புறம் யாரும் ஓட்டல. ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டேன்."

"பிளக் பெட்ரோல்ல ஈரமா இருக்கா?"

"காலையிலேருந்து நானே நூறு தடவை சுத்தியிருக்கேன். ஈரமா இல்லாம என்ன?" அவர் அளவுமானியைப் பெஞ்சில் வைத்தார். "பிரிச்சுப் பார்த்தா மணல் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். மூணு நாள் ஆகும்."

மூணு நாளா? போலீஸ் வர அரை மணி நேரம்தான் இருந்தது. ஒருமுறை அழைத்துக்கொண்டு போய்விட்டால், அப்புறம் மணல் இல்லை என்று நிரூபித்து யாருக்கு என்ன பயன்? வேலையும் போகும், படுக்க இடமும் போகும். இரண்டும் இல்லாதவனை யார் வெளியே விடுவார்கள்?

அவள் படிக்கட்டில் தெரானிஷியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலையில எங்கே இருந்தே?"

"ஆறரைக்கு ஷட்டரைத் திறந்தேன். சேத்து மூட்டை தூக்கப் போனேன். சந்து முனைக்கும் இங்கேயுமா நடந்துக்கிட்டே இருந்தேன்."

"ஷட்டர்?"

"திறந்தேதான் கிடந்தது."

"சாவி?"

"ஆணியில. எப்பவும் அங்கேதான்."

"யாராவது காரை ஓட்டினதைப் பார்த்தியா?"

"இல்லை."

"என்ஜின் சத்தம்?"

"மூட்டை ஏத்துற லாரி முனையில உறுமிக்கிட்டே இருந்தது."

"நீ செய்யலன்னு என்கிட்ட ஒரு தடவை சொல்லு."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டைக் கயிறு அறுத்த கோடு சிவந்திருந்தது.

"சொன்னா என்ன ஆகப்போகுது? முன்னே செஞ்சவன்தானே நான்."

உண்மையைச் சொன்னால், ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வந்த சந்தேகத்துக்கு வெட்கப்பட்டு எழுந்தாள். எங்கேயாவது நடக்கவேண்டும்போல் இருந்தது. ஒகிமோட்டோவிடம் போனாள்.

"தலைவரே, நீங்க காலையிலேருந்து சந்துலயே இருந்தீங்க. இந்தக் காரை யாராவது ஓட்டினாங்களா?"

"ஒருத்தரும் ஓட்டல."

"நீங்க?"

"நானா? எனக்கு எதுக்கும்மா இந்தப் பேய் வண்டி? என் கண்ணு முழுக்கச் சாக்கடையிலதான். இருபது வருஷமா இந்தச் சந்துல ஒரு மூடியைக்கூடத் தூக்காம விட்டதில்லை. வேணும்னா போய்ப் பாருங்க."

அவள் பார்த்தாள். சொன்னதில் பொய்யில்லை. ஊறுகாய்க் கடையிலிருந்து சந்து முனை வரை ஒவ்வொரு மூடியும் கழுவி, திரும்பப் பொருத்தியிருந்தது. பாசி பிய்ந்த விளிம்பு ஒரே நேர்கோடாகப் போனது. பட்டறை வாசலைத் தாண்டியும் போனது.

ஹிசாயோ நின்றாள். காரின் பக்கத்தில் மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையோடு வைத்து அடியில் எட்டிப் பார்த்தாள். காருக்குக் கீழே இருந்த மூடிகளின் ஓரத்திலும் பாசி பிய்ந்திருந்தது.

அந்தத் தாழ்வான வண்டிக்கும் மூடிக்கும் நடுவே அவளுடைய கை நுழைந்தது. அவ்வளவுதான். கொக்கி போட்டு மூடியைத் தூக்க அங்கே இடமே இல்லை.

டிப்போ ஞாபகம் வந்தது. ஒருநாள் அங்கே நிறுத்தி வைத்திருந்த பஸ்ஸின் கண்ணாடி உடைந்துபோனது. யார் ஓட்டினது என்று மேலதிகாரி வரிசையாகக் கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசியில் பார்த்தால், கழுவ வழி வேண்டும் என்று ஒருவன் பஸ்ஸைப் பின்னால் தள்ளி நிறுத்தியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. டிப்போவுக்குள் நகர்த்துவதை யாரும் ஓட்டுவது என்று சொல்வதில்லை.

முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தலைவரே, கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டேன். இந்தக் காரை நகர்த்தினது யாரு?"

"நகர்த்தினதா? அது நான்தான்." ஒகிமோட்டோ தயங்கவே இல்லை. "மூடி மேல நின்னா எப்படி அள்ளுறது? ஒரு வண்டி நீளம் முன்னால விட்டேன். அள்ளி முடிச்சதும் பழைய இடத்துலயே, கோடு பிசகாம வச்சுட்டேன். எல்லா முதல் ஞாயிறும் நான்தானே பட்டறை வண்டிகளை எடுத்து வைக்கிறேன். ஆணியில சாவி எங்கேன்னுகூட எனக்குத் தெரியும். பையனைக் கேட்கலாம்னா அவன் மூட்டையோட போயிருந்தான்."

பட்டறைக்குள் எதுவோ கீழே விழுந்து உருண்டது.

"நடுவுல என்ஜினை நிறுத்தினீங்களா?" கவாடோ வெளியே வந்திருந்தார்.

"நிறுத்தாம? பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குது. நகர்த்தினதும் நிறுத்தினேன். திரும்ப வைக்கும்போதும் அப்படித்தான். மூச்சு விடுற நேரம்கூட ஓடல. மரியாதை தெரியாதவனா நான்?"

"ரெண்டு தடவை" என்றார் கவாடோ. "குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி உடனே நிறுத்தி, ரெண்டு தடவை."

ஒகிமோட்டோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"நான் எதையும் உடைக்கலையே?"

"உடைக்கல, தலைவரே. கழுவிட்டீங்க" என்றாள் ஹிசாயோ. "நீங்க எவ்வளவுக்கெவ்வளவு சீக்கிரம் நிறுத்தினீங்களோ, அவ்வளவுக்கவ்வளவு பெட்ரோல் உள்ளே தங்கிடுச்சு. அதான் ஆறு முகமும் ஒண்ணா விழுந்தது. மணல் கொட்டின மாதிரியே தெரிஞ்சது. மணல் கொட்டின ஆள் ஒருத்தன் கைக்கெட்டுற தூரத்துல இருந்ததால, மூடியை யாரும் குனிஞ்சு பார்க்கல."

"இது உங்க ஊகம்" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"ஊகமா இல்லையான்னு இந்த என்ஜினே சொல்லும். முதலாளி, கழுவின எண்ணெயைத் திரும்ப விட்டா?"

கவாடோ அதற்குள் பிளக்குகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். "மணலா இருந்தா எண்ணெய் விட்டாலும் தாங்காது. பெட்ரோலா இருந்தா பிழைக்கும். தெரானிஷி, பெட்ரோல் பம்பு ஃபியூஸைப் பிடுங்கு."

தெரானிஷி எழவில்லை.

"நான் தொட்டா அப்புறம்…"

"எழுந்திருடா. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

எரிபொருளை நிறுத்தி, உள்ளே தேங்கியிருந்ததைச் சுற்றி வெளியே தள்ளினார்கள். பிளக் துளைகளில் கரண்டிக் கணக்காக எண்ணெய் விட்டார்கள். ஃபியூஸைத் திரும்பச் செருகினார்கள். பாட்டரி காலையிலேயே பாதி செத்திருந்தது. முதல் முறை முனகிவிட்டு நின்றது. கவாடோ தன் வேனின் பாட்டரியிலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் சந்து முனையில் போலீஸ்காரரின் சைக்கிள் மணி கேட்டது.

ஓட்டுநர் இருக்கையில் இருந்த தெரானிஷி சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"திருப்பு" என்றாள் ஹிசாயோ.

திருப்பினான். விர்ரென்ற காலி ஓசை. அப்புறம் எங்கோ ஒரு முட்டல், இன்னொன்று. முட்டி முட்டிச் சுற்றிக்கொண்டே வந்து, ஒரு நடுக்கத்தோடு என்ஜின் பிடித்தது. பின்குழாயிலிருந்து வெள்ளைப் புகை பொங்கிச் சந்தை அடைத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த போலீஸ்காரர் இருமினார்.

"யாரு புகார் கொடுத்தது?"

ஒகிமோட்டோ ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான். தப்பான புகார். காரை… நகர்த்தினது நான்."

அவ்வளவுதான் சொன்னார். தெரானிஷியின் பக்கம் திரும்பவில்லை. புகை அவர் கடை வாசல்வரை போய், கொடியில் காய்ந்த துணிகளைச் சுற்றிக்கொண்டது. யாரையாவது அதட்டினால்தான் நிற்க முடியும் போலிருந்தது அவருக்கு.

"ஏய், துணியெல்லாம் நாறுது. போதும், நிறுத்துடா."

எப்போதும் யார் எதைச் சொன்னாலும் தலை குனிகிற தெரானிஷி ஸ்டியரிங்கை விடவில்லை.

"முடியாது, தலைவரே. நல்லா சூடாகட்டும். இப்போ நிறுத்தினா மறுபடியும் செத்துடும்."

கவாடோ துணிப்பையை எடுத்து, பிரஷை உள்ளே அமுக்கி, மாடிப்படியின் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.