முப்பத்திரண்டு பல் உள்ள நாய்

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது அவள் கையில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட் இருந்தது. வாயில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை.

ஐந்து நிமிடம் கழித்துக் கதவு மேலே கொஞ்சம் திறந்தது. இடைவெளியில் முதலில் தெரிந்தது இரண்டு கண்கள்... மழையில் நனைந்த புருவம்... அப்புறம்தான் கையிலிருந்த ஸ்பானர். லிஃப்ட் மெக்கானிக்.

"உள்ள ஆள் இருக்காங்களான்னு பாக்காம கரண்ட்ட நிறுத்துவீங்களா?"

"தப்புதாங்க... பிஸ்கட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

தன்னை விசாரிக்காமல் பிஸ்கட்டை விசாரிக்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது நாய்களுக்கு என்றாள் வெடுக்கென்று. மூன்றாம் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் அவளுடைய அக்கா, நாய் பூனைகளுக்கு டாக்டர்; இவள் உதவியாளர். வருடக் கடைசி விடுமுறைக்கு, கிளினிக்குக்கு வரும் நாய்களுக்கெல்லாம் இவளே வீட்டில் பிஸ்கட் சுட்டுப் பரிசாகக் கொடுப்பாள். கோதுமை மாவு, பூசணி, முட்டை... அவ்வளவுதான். முதலில் ருசி பார்க்க மூன்று பிஸ்கட் போகும். நாய் எப்படிச் சாப்பிட்டது என்று வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகே, அதன் பல்லுக்குத் தக்க பக்குவத்தில் பரிசு டப்பா தயாராகும்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குங்க," என்றான் அவன், அவளைக் கைபிடித்து மேலே ஏற்றிக்கொண்டே. ஏறியதும் கையை விட்டுவிட்டான். கொஞ்சம் சீக்கிரமே விட்டுவிட்டான் என்று அவளுக்கு ஏனோ பட்டது.

கிளினிக்குக்கு அவனையும் கூட்டி வந்து நோட்டை எடுத்தாள். நாய்க்கு எத்தனை பல் என்று கேட்டாள்.

யோசித்தான். நாக்கால் உள்ளேயே எண்ணுகிறவன் மாதிரி கன்னம் அசைந்தது. "முப்பத்திரண்டு."

வளர்ந்த நாய்க்கு நாற்பத்திரண்டு. அவள் மறுக்கவில்லை. முப்பத்திரண்டு என்றே எழுதிக்கொண்டு மூன்று பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். இல்லாத நாய்க்கு எதற்கு பிஸ்கட்? கேட்டால் தெரிந்துவிடும்... ஆனால் கேட்டுவிட்டால் மறுபடி வரமாட்டானே.

வந்தான். இரண்டு நாள் கழித்து, லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு. நாய்க்குப் பிடித்ததா என்று கேட்டால், "கொஞ்சம் சப்புன்னு இருக்காம்" என்றான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வேறு விதமாகச் செய்து பார்ப்பதாகச் சொல்லி, மறுநாள் இன்னொரு பொட்டலம் கொடுத்தாள். அடுத்த தடவை வந்தபோது முகமெல்லாம் பல்லாக நின்றான். ரொம்பப் பிரமாதமாம்.

அக்கா சும்மா விடவில்லை. நாயைக் கண்ணில் காட்டாதவனுக்கு டப்பா கிடையாது என்றாள். பிறகு குரலை இறக்கி, "ஒரு பொய்யில நீ பட்டது போதாதா?" என்றாள்.

போதும்தான். போன வருடம் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால், மாப்பிள்ளைக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகிறது என்று தெரிந்தது. வேலை போனது அவளுக்கு வலிக்கவில்லை. அந்த ஆறு மாதமும் தினம் ஒரு ஆபீஸ் கதை சொன்னானே, அதுதான் வலித்தது. கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டாள். இன்னொரு பொய்யை நம்பி நிற்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள். இவனைப் பிடித்திருந்தது. அதனால்தான் பயமாக இருந்தது.

விடுமுறைக்கு முந்தின நாள் நல்ல மழை. சொட்டச் சொட்ட வந்து நின்றான். அவனுக்கான டப்பா அவள் மேசைமேல் இருந்தது. ஒரே ஒரு தடவை கேட்பது... பொய் சொன்னால் அத்தோடு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

"நாயைக் கூட்டிட்டு வரலையா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். மழைமேல் பழியைப் போட்டுவிட எவ்வளவு நேரம் ஆகும்?

"நாயே இல்லீங்க," என்றான். "அன்னைக்கு உங்களப் பாத்ததும் என்ன பேசறதுன்னு தெரியல. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். எல்லா பிஸ்கட்டையும் நான்தான் தின்னேன். உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு... இன்னும் பொய் சொல்லிட்டு உங்க முன்னாடி நிக்க முடியல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அது கோபம் என்று நினைத்து அவன் திரும்பி நடந்தான். இரண்டு எட்டு போனவன், மனசு கேட்காமல் நின்றான்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? மொத தடவை குடுத்தது மரத்தூள் மாதிரி இருந்துச்சு. ரெண்டாவதுல வெண்ணெய், சர்க்கரை எல்லாம் இருந்துச்சே... நாய்க்குச் சர்க்கரை போடுவீங்களா?"

அவள் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நாய்க்குப் போட மாட்டேன்," என்றாள்.