பதினொன்றாம் கதவின் சம்மதம்

விளக்கு வைக்கிற நேரமானால் சாயக்காரத் தெருவில் எல்லா வீட்டுச் சுவரும் ஒருமுறை மணியடிக்கும். அடுப்பில் எது கொதித்தாலும் சரி, மடியில் எது அழுதாலும் சரி, அது பாட்டுக்கு அடிக்கும். மணிக்குப் பின்னால் ஊர்மதி பேசும். மாநகராட்சியை நடத்துகிற அந்த இயந்திர மூளைக்குப் பெண்குரல். குரலில் பவ்வியம் வழியும்.

"சாயக்காரத் தெரு, பதினொன்றாம் கதவு. குப்பை வண்டி காலையில் வரட்டுமா, மாலையில் வரட்டுமா?"

தர்ஷினி வாயைத் திறப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும்.

"பதில் கிடைத்தது. நன்றி."

முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. "கேள்வியும் அதுவே, பதிலும் அதுவே. எங்கம்மா மாதிரி" என்பான் கட்டிலில் கிடக்கும் அவள் புருஷன் லோகேஷ். உயரக் கட்டடத்தில் சூரியத்தகடு மாட்டும்போது விழுந்தவன். இடுப்புக்குக் கீழே எல்லாம் போய், அவனிடம் மிச்சமிருந்தது இந்தக் கிண்டல் ஒன்றுதான்.

பதில் எங்கிருந்து போகிறது என்பது தெருவுக்குத் தெரியாததல்ல. இந்த ஊரில் கதவுக்கு ஒரு வாய். அந்தக் கதவுக்கு வீட்டுவரி கட்டுகிறவர் யாரோ, அவருடைய வாய். சாயக்காரத் தெரு முழுக்க வரி கட்டுபவர் ஜெயசீலன். அத்தனை வீடும் அவருடையது; அவரோ ஏற்காட்டுக் குளிரில் இருக்கிறார். வரிப்பணம் என்னவோ இவர்கள் வாடகையோடு சேர்ந்துதான் போகிறது. ஆனால் கட்டுகிற கை அவருடையது. ஊர்மதிக்குத் தெரிந்தது கை மட்டும்தான். கைக்குள் வந்த காசு யார் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது என்று அது கேட்பதில்லை.

குடியிருப்பவர்களே நேரில் வந்து வரியைக் கட்டி, வாய் உரிமையைத் தங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் மாநகராட்சி சொன்னது. அதற்கு அரையாண்டுக்கு ஒருமுறை வேலைக்கு மட்டம் போட்டு வரிசையில் நிற்கவேண்டும், கண்ணைக் காட்டவேண்டும், ரேகை வைக்கவேண்டும். அப்போதுதான் ஜெயசீலன் சொன்னார், "உங்களுக்கு எதுக்கும்மா அந்தத் தொல்லை? நான் பாத்துக்கறேன்."

தெருவே குளிர்ந்துபோனது. குளிர்ந்ததோடு விட்டார்களா! ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தெருமுனையில் பெரிய பேனர் கட்டினார்கள். கைகூப்பிச் சிரிக்கும் ஜெயசீலன். தலைக்குமேல், 'எங்கள் வரிச்சுமை தாங்கிய வள்ளலே!' காலடியில் தெருக்காரர்களின் முகங்கள். தர்ஷினியின் முகமும் மாடிவீட்டு அசாருதீனின் முகமும் அடுத்தடுத்து. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்குப் பேனரும் வைத்தவர்கள் இவர்கள்தான்.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. கடல், கால்வாய்த் தண்ணீரை வாங்க மறுத்தது. லோகேஷுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மணியடித்தது.

"சாயக்காரத் தெரு, பதினொன்றாம் கதவு. கால்வாய் நிரம்பிவிட்டது. நகரத்தைக் காக்க மதகைத் திறந்து உங்கள் தெருவுக்குள் நீர் விடச் சம்மதமா? சம்மதிக்கும் கதவுகளுக்கு நீர்க்கூலி உண்டு."

தர்ஷினி கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரிடம் ஓடினாள்.

"வேணா! சம்மதம் இல்ல! நடக்க முடியாத மனுசன் இருக்காரு இங்க!"

"சம்மதம் என்ற பதில் கிடைத்தது. நன்றி."

"அடிப்பாவி, நான் இன்னா சொல்லிக்கினு இருக்கேன், நீ இன்னா சொல்ற?" என்று சுவரை அறைந்தாள். உள்ளங்கைதான் எரிந்தது. உடனே ஏற்காட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா தர்ஷினி, அங்க மழை ஜாஸ்தியோ?"

"தண்ணி உட சம்மதம்னு சொல்லிட்டீங்களா சார்?"

"ஆமாம்மா. எங்கயாவது விட்டுத்தானே ஆகணும்? பழைய கட்டடம் வேற. நீர்க்கூலி வந்தா இடிச்சுட்டுப் புதுசாவே கட்டிடலாம்."

"அவரு படுத்த படுக்கையா இருக்காரு சார். எப்டி சார் தூக்குவேன்?"

"அடடா, லோகேஷ் இன்னும் எந்திரிக்கலையா? சுத்தமா மறந்துட்டேன் பாரு." குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. "சரி விடு, இந்த மாசம் வாடகை தர வேணாம்."

"மாத்திச் சொல்லுங்க சார். உங்க கால்ல வுழுறேன்."

"சொன்னது சொன்னதுதாம்மா, மாத்த முடியாது. நீ பயப்படாதே. படகு வரும். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

போனை வைப்பதற்குள் அசாருதீன் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தான்.

"அக்கா, மதகைத் தொறந்துட்டானுங்க. முனையில முட்டி வரைக்கும் வந்துடுச்சி. அண்ணனை மேல ஏத்தணும்."

"எதுல ஏத்துவ? முதுகு மடங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாருடா!"

அவன் வெளியே ஓடினான். திரும்பி வந்தபோது தோளில் அந்தப் பேனர் இருந்தது, கம்போடு. அதை விரித்து லோகேஷைக் கிடத்தினார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து முனைக்கு ஒருவராகப் பிடித்தார்கள். ஜெயசீலனின் சிரிப்பு லோகேஷின் முதுகுக்கடியில் போயிற்று.

"பாத்தியா, வள்ளலு கடைசியில சுமக்க வந்துட்டாரு" என்றான் லோகேஷ்.

வாசலைத் தாண்டி வந்த தண்ணீர் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. தண்ணீர் ஏறிய வேகத்துக்கு முதல் மாடி போதவில்லை. மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். மழை சாய்த்து அடித்தது. மறைப்புக்கு ஒன்றும் இல்லை. பேனரின் ஒரு பாதியை மடித்து அவன்மேல் போர்த்தினாள். லோகேஷின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பற்கள் தந்தியடித்தன. எல்லா மாடியிலும் ஜனம். கால்வாய்க்கு அப்பால், சொந்தக்காரர்களே குடியிருக்கும் தெருக்களில் விளக்குகள் உலர்ந்து எரிந்தன.

தெருமுனையில் ஒரு வெளிச்சம் திரும்பியது. ஆளில்லாப் படகு.

"வந்துச்சிக்கா!" என்று அசாருதீன் குதித்தான். படகு மெதுவாக வந்து அவர்கள் வீட்டருகே நின்றது. படிக்கட்டுச் சுவரில் மணியடித்தது.

"சாயக்காரத் தெரு, பதினொன்றாம் கதவு. மீட்புப் படகு தேவையா? கட்டணம் அடுத்த அரையாண்டு வரியில் சேரும்."

"வேணும்!" தர்ஷினி தொண்டை கிழியக் கத்தினாள். "வேணும், வேணும்! ஆஸ்பத்திரிக்குப் போவணும்!"

"வேண்டாம் என்ற பதில் கிடைத்தது. நன்றி."

அவள் ஏற்காட்டுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. படகு அடுத்த கதவுக்கு நகர்ந்தது. அங்கும் நின்றது, கேட்டது, பதில் வாங்கிக்கொண்டது. மாடிக்கு மாடி ஜனம் கத்திய கத்தலில் ஒரு சொல்லும் அதற்கு ஏறவில்லை. கடைசிக் கதவையும் கேட்டுவிட்டு, காலியாகவே வந்த வழியில் திரும்பிப் போனது.

தர்ஷினி லோகேஷின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றி ஜில்லென்று இருந்தது.

"இன்னா சொல்லிச்சி?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

"அவரு பாத்துக்கறாராம்" என்றாள்.