உறை கழற்றிய வேங்கை

முந்தைய நாள் ஓட்டத்தில் முறிந்த கையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வல்லான் வேறொன்றை மாட்டிக்கொண்டான். செவ்வாய்க் குடியேற்றத்தின் அந்த மோட்டார் பட்டறையில் அது அன்றாடக் காட்சி. அவன் சோதனை ஓட்டி, இயந்திர மனிதன்.

"எப்படி விழுந்தே?" என்றாள் தலைமை வடிவமைப்பாளர் பூங்கோதை.

"வண்டி விழல மேடம். தூசி புகுந்து சக்கரம் இறுகிடுச்சு. நான்தான் பறந்தேன்."

செம்புழுதிக்குப் பயந்து அங்கே எல்லா மோட்டார் சைக்கிள்களும் முட்டை ஓடு போன்ற உறைக்குள் மூடியே இருந்தன. நிறுவனத்தின் முதன்மை வண்டியான 'வேங்கை'க்கு மட்டும் பூங்கோதை உறையே வைக்கவில்லை. சட்டம், மோட்டார், சுருள்வில் எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அவளுக்கு.

"ஒரு மூடி போட்டா முடிஞ்சுதேம்மா," என்றார் இயக்குநர்.

"மூடி போட்டா அது டப்பா சார்."

ஓராண்டு மல்லுக்கட்டி, உலோகத்தில் மெல்லிய மின்னூட்டம் பாய்ச்சிப் புழுதியை உதறித்தள்ளும் 'தூசுவிலக்கி'யை உருவாக்கினாள். கடைசிச் சோதனைக்கு அவளே மூச்சுக்காற்று நிரப்பிய உடை அணிந்து வந்தபோது வல்லான் மறித்தான்.

"எனக்குக் கையை மாத்திடலாம் மேடம். உங்களுக்கு?"

"வாங்கப்போறவங்களுக்கும் மாத்த முடியாதே. அதனாலதான் நான் ஓட்டுறேன்."

புழுதிப்புயலுக்குள் வேங்கை பாய்ந்தது. பள்ளத்தின் விளிம்பில் சாய்ந்து வளைந்தபோது, காலடியிலிருந்து மோட்டாரின் துடிப்பு அவள் நெஞ்சுவரை ஏறியது. மறுபக்கம் அவள் வெளிப்பட்டபோது உடை முழுக்கச் செம்மண். வண்டியோ குளித்தெழுந்தது போல மின்னியது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்த இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார்.

விற்பனை நாளில் முதல் வண்டியை வாங்கியவர் சுரங்க அதிகாரி தணிகாசலம். மனைவியோடு வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பூரித்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் சுற்றிய பாலித்தீன் தாளைப் பூங்கோதை பெருமிதத்தோடு பிரிக்கப் போனாள்.

"ஐயோ, பிரிக்காதீங்கம்மா!" தணிகாசலம் பதறிவிட்டார்.

"இதுல தூசே ஒட்டாது சார்!"

"தெரியும்மா, அதுக்குத்தானே வாங்கினேன். இருந்தாலும் புதுசு புதுசாவே இருக்கட்டுமே."

"வீட்டு சோபாவுலயே நாங்க இன்னும் பிரிக்கல," என்றார் மனைவி.

பூமியை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. செவ்வாயின் முதல் உறையில்லா வண்டி, பாலித்தீன் சரசரக்க வாசலைத் தாண்டிப் போனது.