வெளியே போகாதவள்

வெண்மதி வெளியே போயிருந்த நேரத்தில் அவளுடைய தட்டில் யாரோ சாப்பிட்டிருந்தார்கள். கழுவிக் கவிழ்த்திருந்த தட்டின் விளிம்பில் இன்னும் ஈரம். அறை முழுக்க லேசான ரசவாடை. அறைத்தோழி பூஜா ஊருக்குப் போய் நான்கு நாளாகிறது. அறைச் சாவி வெண்மதியின் பையில் இருந்தது.

அண்ணாமலை நகரின் அந்தப் பெண்கள் லாட்ஜில் வாசலுக்கு மேலே ஒரு கேமரா. முகத்தைக் கண்டால் வார்டன் மேஜையிலுள்ள திரையில் பச்சைக் கட்டம் விழும், பெயர் வரும். போன நேரமும் வந்த நேரமும் காட்டுமன்னார்கோயிலில் அப்பாவின் செல்லுக்கு மெசேஜாகப் போகும். இன்னொரு தடவை லேட்டானால் எம்.எஸ்ஸியை நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவள் எங்கும் போவதில்லை. ஸ்டேஷன் வரை நடப்பாள், ஒரு டீ குடிப்பாள். அதற்கும் காரணம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கேமரா முகத்தைத் தேடுவது வெளிச்சத்தையும் நிழலையும் வைத்துத்தான். போன வாரம், பூஜா ஊருக்குப் போகுமுன், வெள்ளைத் துப்பட்டாவில் கறுப்புச் சாயத்தால் கோணல் கட்டங்கள் வரைந்து, கன்னம் மறையப் போட்டாள்.

"என்னடி, சோளக்கொல்ல பொம்மயாட்டம்?" என்று பூஜா சிரித்தாள்.

பச்சைக் கட்டம் விழவில்லை. கேமராவைப் பொறுத்தவரை வெண்மதி வெளியே போகவே இல்லை.

தட்டு ஈரமாயிருந்த அன்றிரவு சோற்றுக்கு நின்றபோது வார்டன் கொளஞ்சியம்மாள் முறைத்தாள். "இப்பதான வாங்கிட்டுப் போன? ஒடம்பப் பாத்தா தெரியல, வயிறு ஜாஸ்திதான் ஒனக்கு."

மறுநாள் மாலை செல்லை மறந்து வைத்துவிட்டுப் போனவள், அப்பா கூப்பிடுவாரே என்று பாதி வழியில் திரும்பினாள். கரண்ட் இல்லை. மாடித் தாழ்வாரத்தில் கொசுவத்திப் புகை. பூட்டு கழன்றிருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

உள்ளே செல் அடித்தது. நின்றது.

"சாப்ட்டேன்ப்பா. ரூம்லதான் இருக்கேன். எங்கயும் போகல."

அவள் குரல். அவளைவிடப் பணிவான குரல்.

கீழே ஓடினாள். யூ.பி.எஸ்ஸில் கேமராவும் திரையும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. துப்பட்டாவை உருவி எறிந்துவிட்டு வெறும் முகத்தை கேமராவுக்குக் காட்டினாள்.

கட்டம் விழவில்லை.

"அக்கா..."

கொளஞ்சியம்மாள் மெழுகுவத்தியைத் தூக்கிப் பார்த்தாள். "யாரும்மா நீ? யாரப் பாக்க வந்த?"

திரையில், வெண்மதிக்குப் பின்னால் ஆளில்லாத படிக்கட்டு. மேல்படியில் ஒரு பச்சைக் கட்டம். அதன்மேல் அவள் பெயர்.

ஒரு படி இறங்கியது.

நின்றது.

இன்னொரு படி.