கேட்டுக்காரன் சொன்ன வார்த்தை

ஜீப்பு வளைவில் திரும்பியபோது உள்ளே இருந்தவர்கள் இடப்பக்கம் சாய்ந்தார்கள். பின்சீட்டில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த கிழவர் மட்டும் சாயவில்லை.

ராஜவேலுவின் கண்ணில் அது படாமல் போகுமா? சந்தேகப்படுவதற்கென்றே பிறந்த பிறவி அவன். ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைரோட்டில் டோல்கேட்டை ஏலம் எடுத்தவர், இந்தக் குணத்துக்காகவே அவனைக் கலசப்பாக்கத்திலிருந்து பிடித்துவந்து உட்காரவைத்திருந்தார். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. புளிமூட்டைக்கு அடியில் சந்தனக்கட்டை போகிறதா, வைக்கோலுக்குள் ஆள் போகிறானா என்று மோந்து பார்க்காமல் மூங்கில் தடுப்பைத் தூக்கமாட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே மலை முழுக்கப் பனி இறங்கிவிட்டது. ஜீப்புக்குள்ளிருந்து பெட்ரோல் நெடியோடு ஊதுவத்தி வாசனையும் வந்தது.

"யாருப்பா அது, இழுத்துப் போத்திக்கினு?"

டிரைவர் கோவிந்தன் முகத்தைத் திருப்பாமல் சொன்னான். "எம் மாமனாருங்க. ஜொரம். தூங்கறாரு."

கிழவருக்குப் பக்கத்தில் கோவிந்தன் பெண்டாட்டி மங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ராஜவேலு சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். குனிந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான். கட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்தப் பயல் எதையோ மறைக்கிறான், எதை என்றுதான் தெரியவில்லை. அரைமனதாகத் தடுப்பைத் தூக்கினான். எந்த வண்டி போனாலும் அவன் வாயில் வருகிற ஒரே மரியாதைப் பேச்சு தானாக வந்தது.

"போய்ட்டு வாங்க பெரியவரே!"

மங்கம்மாள் வீறிட்டாள். "அய்யய்யோ! இன்னா வார்த்த சொல்லிட்ட, பாவி!"

ஜீப்பு பிய்த்துக்கொண்டு மேலே போனது. ராஜவேலுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நல்ல வார்த்தைதானே சொன்னோம், அதற்கு எதற்கு இந்தக் கூப்பாடு?

மறுநாள் மத்தியானம் கோவிந்தன் தனியாக இறங்கி வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணே, அவுரு ஆஸ்பத்திரிலயே செத்துட்டாரு. பொணம்னு சொன்னா நீ கேட்டுல நிக்கவெச்சி ஆயிரம் கேள்வி கேப்பேன்னுதான், சீட்டோட கட்டி உக்காரவெச்சிக் கொண்டுபோனோம். ராத்திரியே பொதச்சிட்டோம். காலைல பால் ஊத்தப் போனா குழி தொறந்து கெடக்குது."

"நரி தோண்டியிருக்கும்பா."

"நரி மேலேர்ந்துதான தோண்டும்?" என்றான் கோவிந்தன். அதற்குமேல் நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ராஜவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவு வீட்டில் யாராவது 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? சத்தமில்லாமல் எழுந்து போவார்கள். சொன்னால் சாவு திரும்ப அந்த வீட்டுக்கு வரும். அவனோ பிணத்தின் முகத்துக்கு நேராகப் போய்ட்டு வா என்று சொல்லியிருக்கிறான். அழைத்தவன் இருக்கிற இடம் இந்தக் கேட்டு. கேட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவன் வீடு. அதில் அவன் பெண்டாட்டி ரஞ்சிதம் நிறைமாசமாகப் படுத்திருக்கிறாள். விடிந்தால் முதல் பஸ்ஸில் அவளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும்.

வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பயமுறுத்தலாமா? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தான் மட்டும் தடுப்பின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். என்ன வந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு.

விளக்கு வைக்கும் நேரம். காட்டுப் பக்கமிருந்து ஈரத் தழையின் வாசனையும் எங்கோ எரிகிற சருகின் புகையும் பனியோடு கலந்து இறங்கிவந்து அவன் காதுமடலைச் சில்லிட வைத்தன. கொட்டகைக்குள் ரஞ்சிதம் சட்டி கழுவுகிற ஓசை கேட்டது. சில்வண்டுகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று அவை நின்றன.

மேல்வளைவில் ஒரு சத்தம்.

தொப்.

மாடாக இருக்கும் என்று நினைத்தான். மாடென்றால் நாலு கால் சத்தம் கேட்கும். மனுஷன் என்றால் ரெண்டு. இது ஒன்று ஒன்றாக வந்தது. தொப். கொஞ்சம் இடைவெளி. தொப். எவனாவது நொண்டியா? களவாணிப் பயல் எவனாவது விளையாட்டுக் காட்டுகிறானா? சந்தேகம் அவனை அப்போதும் விடவில்லை.

பிறகுதான் புரிந்தது. பிணத்துக்குக் கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். கட்டோடு நடக்க முடியாது. குதிக்கத்தான் முடியும்.

தொப்.

ஊதுவத்தி வாசனை. தோண்டிய மண்ணின் வாசனை. பனிக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு உருவம். தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. குனிந்து வரவில்லை. தாண்டவில்லை. நின்றது.

ராஜவேலு பல்லைக் கடித்துக்கொண்டான். பேசாதே. கூப்பிட்டால்தான் வரும். கூப்பிடாதே. விடியட்டும்.

கொட்டகைக்குள்ளிருந்து ரஞ்சிதத்தின் குரல் கேட்டது.

"யாருங்க அது, பனியில நின்னுக்கினு? உள்ள வாங்க!"

ராஜவேலு வாயைத் திறந்தான். கத்தினான். சத்தம் வரவில்லை. எழுந்தான். கால் நகரவில்லை. தகரக் கதவு திறந்தது. மூடியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

விழுந்து புரண்டு ஓடிக் கதவைத் தள்ளினான்.

சிம்னி வெளிச்சம். கட்டிலில் கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றித் தலைக்குமேல் துணிக்கட்டு. கண் மூடியிருந்தது. கட்டிலை ஒட்டி, அவர் காலருகே, ரஞ்சிதம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மண் ஒட்டிய அவர் கை அவள் வயிற்றின்மேல் விரிந்து கிடந்தது.

"பாவம், பல்லு வலி போல, வாயே தொறக்க மாட்றாரு. ஆசீர்வாதம் பண்ணுங்கன்னேன்." அவள் புருஷனைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். "காலைலேர்ந்து புள்ள ஒதச்சிக்கினே இருந்துதுங்க. பெரியவரு கைய வெச்சாரு பாருங்க, அப்பிடியே அடங்கிப்போச்சி."