மண் தின்றவளுக்கு வைத்த பெயர்

அமாவாசைக் காலை. காக்கைக்கு வைக்க வேண்டிய சோறு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்க, கோகிலா கொல்லைச் சுவரோரம் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். மாமியார் வெள்ளையம்மாள் பார்த்துவிட்டாள்.

"அடிப் பாவி... இன்னைக்குமா!"

கோகிலாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஈர மண் வாசம் பட்டாலே நாக்கு ஊறியது. அதை எப்படி அடக்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

பயம், செத்துப்போன துர்காதேவியால். கணவன் தர்மராஜின் மூத்த மனைவி. இந்த வீட்டிலேயே பிள்ளைப்பேற்றில் கண்ணை மூடியவள். அவள்தான் கோகிலாவுக்குள் இறங்கி மண் கேட்கிறாள் என்று வெள்ளையம்மாள் முடிவு கட்டி இரண்டு வருஷமாகிறது. செத்தவளைச் சாந்தப்படுத்த வெள்ளி, செவ்வாய், அமாவாசை மூன்றும் கோகிலாவுக்குப் பட்டினி விரதம். மற்ற நாளில் மிளகாய்க் கொல்லையில் வேலைசெய்யும் எல்லாருக்கும் ஆக்கி அனுப்பியபின் சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு. பட்டினி கிடந்த நாளில்தான் மண்ணாசை அதிகமாயிற்று. அது ஒருவருக்கும் உறைக்கவில்லை!

"ஏலே தர்மா! இவ இனி இங்கன இருக்கக் கூடாது. ஒன்னையும் சேத்துல்ல கொண்டுபோயிருவா! இவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வா!"

"நான் என்ன அத்தை செஞ்சேன்... நீங்க சொன்ன வெரதம் ஒண்ணையாச்சும் விட்டேனா?"

எழுந்தவள் நாலடி நடக்கவில்லை. சரிந்து விழுந்தாள்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கவிப்ரியா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தச் சோதனையில், பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்துதான் இருந்தது.

"மண்ணு திம்பீங்களாம்மா?"

கோகிலா அழுதாள். வெள்ளையம்மாள் முந்திக்கொண்டாள். "திங்கிறது இவ இல்ல டாக்டரம்மா. இவளுக்குள்ள இருக்கவ."

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. இது நோய். பைக்கான்னு பேரு. லத்தீன் மொழியில அது ஒரு பறவை, நம்ம காக்கா சாதிதான். கண்டதையும் கொத்தித் தின்னும்னு அந்தச் சீமையில ஒரு பேச்சு. மண்ணு, சாம்பல்னு திங்கிற நோய்க்கு அந்தப் பறவை பேரையே வச்சுட்டாங்க. பல நூறு வருஷத்துப் பேரு இது. உடம்புல இரும்புச்சத்து வத்துனா வரும். மருந்து குடுத்து, நல்லாச் சாப்பிட வச்சா சரியாயிரும். பட்டினி போட்டா உசுருக்கே ஆபத்து."

"பேரே இருக்கா..." வெள்ளையம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவளும் தின்னாளே... துர்கா... அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளித் தின்னாளே! மசக்கைன்னு சிரிச்சேன். மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. பிள்ளை செவப்பாப் பெறக்கப் போகுதுன்னு ஊரெல்லாம் சொன்னேன்..."

மருந்தோடு வந்த தர்மராஜ் அப்படியே நின்றுவிட்டான். "ஆத்தா... எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்கே தெரியலையேய்யா! இவ வாயில மண்ணைப் பாத்த அன்னைக்கு அவ மொகந்தான் தெரிஞ்சுச்சு. என்னையக் கேள்வி கேக்கத்தான் வந்துட்டான்னு..."

பசித்துச் செத்தவளுக்காகக் கோகிலா இரண்டு வருஷம் பசியோடு கிடந்திருக்கிறாள்! கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் எங்க அம்மா வீட்டுக்கே போறேன். துர்கா அக்கா யாரையும் பிடிக்க வரல. அவுகளும் என்னைய மாதிரியே நம்ம வீட்டுல எல்லாருக்கும் பொறகு தின்னு, ரத்தம் வத்தித்தான் செத்தாக. பேயின்னு சொன்ன வாயால அதை ஊருல சொல்லுங்க. சொன்ன அன்னைக்கு வாரேன்."

கோகிலாவைப் பார்க்க வந்திருந்த ஊர்ப் பெண்கள் வார்டு வாசலில் நின்றிருந்தார்கள். வெள்ளையம்மாள் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கங்கடி! என் மூத்த மருமக பேயில்ல. எம்புட்டுப் பசியோ அவளுக்கு... நான் கேக்கவே இல்லடி! நாந்தான்டி அவளைக் கொன்னேன்!"

வெள்ளையம்மாள் கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்தாள். கோகிலா ஊசி ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல், மறு கையால் மாமியாரின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.