சாம்வேஸ் வீட்டுத் தரைக்கதவு

நான் தச்சன். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள். சாம்வேஸ் வீட்டு வேலைக்குப் போகிறவரை அப்படித்தான் இருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு மதியம் ஆம்ப்ரோஸ் சாம்வேஸ் ஆள் விட்டுக் கூப்பிட்டார். இங்கிலாந்தில், டோர்செட்டில் இருக்கிற எங்கள் ஊரிலேயே பழைய வீடு அவருடையது. இரண்டடி கனத்துக்குக் கல்சுவர். மாடி ஜன்னலை மறைக்கிற அளவுக்கு இறங்கிய வைக்கோல் கூரை. நுழைந்ததுமே ஈர வைக்கோல் வாசனையும் அணைந்துபோன கணப்பின் புகையும் மூக்கில் ஏறின. அவர் மனைவி ஹெஸ்டர் மாடியில் இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"தரைக்கதவைத் திறக்கணும்ப்பா, பெர்சி."

இந்த மாதிரி வீடுகளில் மாடிப்படி சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஏறும். ஒரு ஆள்தான் போகலாம், சவப்பெட்டி திரும்பாது. அதனால் மாடித் தரையில் ஆள் நீளத்துக்கு ஒரு கதவு இருக்கும். மாடியில் இறந்தவர்களைக் கயிறு கட்டி அதன் வழியாகத்தான் இறக்குவார்கள்.

"போன வருஷம் நீங்கதானே ஆணி அடிச்சு மூடினீங்க, பெரியவரே?"

"அவளுக்குக் குளிருதுன்னுதான் மூடினேன். கீழேருந்து காத்து வருதுன்னு பொலம்பிக்கிட்டே இருந்தா." குரல் உடைந்தது. "சவம் தூக்க வந்த ஆளுங்க அவளை நாற்காலியில கட்டிப் படிவழியா இறக்கினாங்க. தலை செவுத்துல இடிச்சுது. என் காதால கேட்டேன். அவ இன்னும் போகலப்பா. தினம் மூணு மணிக்கு வழி தேடுறா."

கிழவர் திருப்திக்குத் திறந்துவிட்டுப் போவோம் என்று மாடியேறினேன். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கீழே கடிகாரம் மூன்று அடித்தது.

தட். தட்.

என் முழங்காலுக்குப் பக்கத்தில், யாரோ விரலால் பலகையைத் தட்டிப் பார்க்கிற சத்தம்.

ஆம்ப்ரோஸ் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார்.

கதவைத் தூக்கினேன். ஹெஸ்டரையே முறையாக இறக்குவதுபோல, அவர் அவள் தலையணையை அவள் போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, கயிற்றை உத்தரத்தின் மேலே போட்டார். இருவரும் பிடித்தோம். பஞ்சு மூட்டைதான். திறப்புக்கு நேராக வந்ததும் சடாரென்று கனத்தது. கயிறு என் உள்ளங்கையை உரித்தது.

"ஹெஸ்டர்தான்," என்று கிசுகிசுத்தார். "அவ எப்பவுமே கனம். சொன்னா கோவம் வரும்."

மெல்ல மெல்ல இறக்கினோம். கீழே தரை தொட்டதும் கயிறு லேசானது.

வாசல் தாழ்ப்பாள் தூக்கும் சத்தம்.

குளிர்காற்று மேலே வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். பாவி மனுஷன், திறப்பின்மேல் குனிந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"ஹெஸ்டர்! வெளியில குளிரும்டி. போகாதடி!"

தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

படியில் காலடி.

ஏறி வந்தது.

அந்தக் குறுகலான படியில் அவளை எதிர்கொள்ள எனக்குத் தெம்பில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தரைக்கதவு வழியாகவே தொங்கிக் குதித்து ஓடினேன். மேலே கட்டில் கிறீச்சிட்டது. ஆம்ப்ரோஸ் யாருக்கோ இடம்விட்டு நகர்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது. "வா, வா. காலெல்லாம் ஜில்லுனு இருக்கும்," என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அழுகை வருகிறது.

மார்ச் கடைசியில் அதே கட்டிலில் அவரும் போய்ச் சேர்ந்தார். எலும்பும் தோலுமாய்க் கிடந்தார். தரைக்கதவை யாரும் மூடியிருக்கவில்லை. ஆறு பேர் கயிறு பிடித்தோம். நாலு விரற்கடை இறங்குவதற்குள் எல்லோருக்கும் கை நடுங்க ஆரம்பித்தது.

"ஒல்லி மனுஷன்தானே?" எதிர்ப்பக்கம் நின்ற சவப்பெட்டிக்காரர் மூச்சிரைக்கக் கேட்டார். "ஏன்யா இந்தக் கனம் கனக்குது?"

"மெதுவா விடுங்க," என்றேன். "ரெண்டு பேர் இறங்குறாங்க."